அடுத்த வீட்டு வைஃபையும் நம் வீட்டு வேகமும்

"ஏனுங் தம்பி, காத்தால நல்லாத்தான் ஓடுதுங். பொழுது சாஞ்சாப் போதும், சுத்திட்டே நிக்குதுங். கம்பெனிக்காரரக் கேட்டா லைன்ல ஒரு கொறையும் இல்லைங்கறாரு."

காரமடையில் வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்த பிறகு அடிக்கடி காதில் விழும் புகார் இது. கம்பெனிக்காரர் சொல்வது பல சமயம் உண்மைதான். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபரில் கோளாறு இருக்காது. ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவே இருக்கும் கடைசிப் பத்தடிக் காற்றில்தான் சிக்கல். அந்தக் காற்றில் நம் ரவுட்டர் மட்டும் பேசவில்லை. பக்கத்து வீடு, எதிர் மாடி, கீழே இருக்கும் செல்போன் கடை, தெருமுனைப் பேக்கரி எல்லாமே அங்கே பேசிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் சேனலை மாற்றக் கிளம்பும் முன் நோய் காற்றில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நெட் சுத்தும் இரவு எட்டு மணிக்கே, ஒரு லேன் கேபிளால் லேப்டாப்பை நேராக ரவுட்டரில் செருகி வேகம் பாருங்கள். கேபிளில் முழு வேகம் வந்து, வைஃபையில் மட்டும் இழுத்தால் குறை காற்றில். கேபிளிலும் இழுத்தால் அது இணைப்புக் கொடுத்தவர் பாடு. அந்தப் பகுதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்ப்பதால் அவர் பக்கமே நெரிசலாக இருக்கலாம். அப்படிக் கேபிளிலும் இழுப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் உதவாது, புகார் எண்தான் உதவும்.

மோதல் எங்கே நடக்கிறது

2.4 கிகாஹெர்ட்ஸ் என்று நாம் சொல்வது 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான துண்டு. மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் 1 முதல் 13 வரை சேனல் எண் போட்டிருக்கிறார்கள். பதின்மூன்று என்றதும் தாராளமாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஒரு சேனலின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. வைஃபை பேசுவதற்கு வேண்டியதோ 20. மூன்றாம் சேனலில் வைத்த ரவுட்டர் ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லாவற்றையும் அடைத்துக்கொள்ளும். ஒன்றோடொன்று படாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 மூன்றுமே.

பங்காளிகளின் கூட்டுக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது கொங்குப் பக்கம் தெரிந்த விஷயம். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்களும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. வாயைத் திறக்கும் முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்கும். பேசினால் ஒதுங்கி, தன் முறைக்குக் காத்திருக்கும். வேகம் பங்காகிப் போகும், ஆனால் தகராறு வராது. நடுவில் 3-இலோ 8-இலோ உட்கார்ந்திருப்பவன் முறை தெரியாமல் மடையைத் திறந்துவிடுகிறவன். இரண்டு பக்கத்துக்காரர்களின் பயிரையும் கெடுத்து, தன் பயிரையும் கெடுத்துக்கொள்வான்.

இதற்குக் கணக்கும் உண்டு. தன் சேனலிலேயே வரும் வைஃபை பேச்சை, மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு) அளவுக்கு மெலிந்து வந்தாலும் ரவுட்டர் அடையாளம் கண்டு ஒதுங்கிவிடும். அரைகுறையாக மேலே படும் சேனலின் பேச்சு அதற்குப் புரியாது. வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். இரைச்சல் மைனஸ் 62-க்கு மேல் ஏறினால்தான் ஒதுங்க வேண்டும் என்பது விதி. இரண்டுக்கும் நடுவே 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு வித்தியாசம். அந்த நூறு மடங்குக்குள் வருகிற எல்லாப் பேச்சின் மேலும் நம் ரவுட்டர் தெரியாமல் ஏறிப் பேசும். போன் வாங்கிக்கொண்ட செய்தி சிதைந்து வரும், திரும்ப அனுப்பச் சொல்லும், அதுவும் சிதையும். சுத்துவது இதனால்தான்.

ஆகவே "எல்லாரும் 1, 6, 11-ல இருக்காங்க, 3 காலியா கெடக்குது, அங்கே போட்டுக்கலாம்" என்பது கெட்டிக்காரத்தனம்போலத் தோன்றும் தப்பு. ஆன்லைன் வீடியோ பார்த்து இதைச் செய்தவர்கள் ஊரில் நிறைய. அவர்களுக்கும் கேடு, அக்கம்பக்கத்துக்கும் கேடு.

தெருவை அளந்து பார்ப்பது

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. ஐபோனில் ஆப்பிள் இதற்கு இடம் கொடுப்பதில்லை. அவர்களுடைய ஏர்போர்ட் யுடிலிட்டி ஆப்பில் மட்டும், செட்டிங்ஸில் ஸ்கேனரை இயக்கிவிட்டால் ஓரளவு தெரியும். ஆண்ட்ராய்டு 9 முதல் ஓர் ஆப் இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைக்கு மேல் தேடக்கூடாது என்று கட்டியிருக்கிறார்கள். அதனால் திரை உடனுக்குடன் மாறாது. ஓர் இடத்தில் நின்று, அரை நிமிடம் பொறுத்துப் பிறகு எண்ணைப் படியுங்கள்.

அரங்கநாதர் கோயிலைச் சுற்றியிருக்கும் தேர்வீதி மாதிரியான இடத்தில், கடைகளுக்கு மேலே வீடு இருக்கும் ஒரு மாடிப்படியில் நின்று இந்த ஆப்பைத் திறந்தால் திரை முழுக்கக் கவிழ்த்த கிண்ணம்போல வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். பெயர்களில் பெரும்பாலானவை கம்பெனி வைத்துத் தந்த பெயரும் நாலு எண்ணும்தான். பெயரைவிட வளைவின் உயரத்தைப் பாருங்கள். மைனஸ் 50-க்குப் பக்கம் என்றால் ரவுட்டர் அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிறது. மைனஸ் 67 வரை வீடியோ கால் தடையில்லாமல் ஓடும். மைனஸ் 80-க்குக் கீழே போனவை நெருங்கிய தொல்லை இல்லை. மைனஸுக்கு அடுத்த எண் சிறிதாகச் சிறிதாகச் சிக்னல் பலம் கூடும் என்பதை மறந்துவிட வேண்டாம். மைனஸ் 50 பலமானது, மைனஸ் 80 நோஞ்சான்.

வீட்டில் எந்த இடத்தில் போனும் டிவியும் புழங்குகின்றனவோ அங்கே நின்று அளக்க வேண்டும். ரவுட்டர் பக்கத்தில் நின்று அளந்து பயனில்லை. 1, 6, 11 மூன்றில் எதில் பலமான ஆட்கள் குறைவு என்று பார்த்து, அதில் நம்முடையதை நிறுத்துங்கள். எண்ணிக்கையைவிடப் பலம்தான் கணக்கு: மைனஸ் 84-இல் ஆறு பேர் இருக்கும் சேனல், மைனஸ் 48-இல் இரண்டு பேர் இருக்கும் சேனலைவிட மேல். இரவு எட்டு மணிக்கு அளப்பது முக்கியம். மத்தியானம் எல்லாச் சேனலும் சும்மாத்தான் இருக்கும்.

12, 13-ஆம் சேனல்களுக்கு இந்தியாவில் தடையில்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சில லேப்டாப்களுக்கு அவை கண்ணிலேயே படாது. 11-இல் இருப்பவர்களையும் பாதி இடிக்கும். விட்டுவிடுங்கள்.

ரவுட்டருக்குள் போய்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். பிரவுசரில் அதைப் போட்டு உள்ளே போனால் வயர்லெஸ் என்ற பக்கம். அங்கே சேனல் "ஆட்டோ" என்று இருக்கும். பல மலிவுப் பெட்டிகளில் ஆட்டோ என்பது கரண்ட் போய் வரும்போது ஒருமுறை சுற்றிப் பார்த்து உட்காருவது, அவ்வளவுதான். கரண்ட் போய் வந்தால் தெரு முழுக்க எல்லா ரவுட்டரும் ஒரே நேரத்தில் விழித்து, காலியான இடம் என்று ஒரே பக்கம் ஓடும். கையால் எண்ணை நிறுத்துவது நல்லது.

அடுத்தது அகலம். 2.4-இல் 40 மெகாஹெர்ட்ஸ் அல்லது "20/40" என்று இருந்தால் 20-ஆக மாற்றுங்கள். 83.5-இல் 40-ஐ ஒருவரே எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்? நமக்கும் லாபமில்லை, அகலம் கூடக்கூட மோதுகிற ஆட்களும் கூடுகிறார்கள்.

மூன்றாவதைப் பலர் தொடுவதே இல்லை, ஆனால் நெருக்கமான தெருவில் இதில்தான் பலன் அதிகம். ஒவ்வொரு ரவுட்டரும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று விநாடிக்குச் சுமார் பத்து முறை அறிவிப்புக் கொடுக்கிறது. யாரும் நெட் பயன்படுத்தாவிட்டாலும் இந்த அறிவிப்பு நிற்காது. 1999-இல் வந்த பழைய 'பி' வகைக் கருவிகளுக்கும் கேட்க வேண்டும் என்று பல பெட்டிகள் இதை விநாடிக்கு 1 மெகாபிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகின்றன. ஓர் அறிவிப்பு 300 பைட் என்று வைத்துக்கொண்டால் அதற்கு இரண்டரை மில்லி விநாடி. பத்து முறைக்கு 25 மில்லி விநாடி. ஒரு ரவுட்டர் சும்மா இருப்பதற்கே சேனலின் நேரத்தில் இரண்டரை விழுக்காடு போய்விட்டது. ஒரே சேனலில் பத்து ரவுட்டர் கேட்கும் இடத்தில் கால்வாசி நேரம் அறிவிப்புக்கே சரி. ரவுட்டரில் "கெஸ்ட்" என்று இரண்டாவது பெயரை இயக்கி வைத்தால் அதற்கும் தனி அறிவிப்பு. ஆகவே மோடு என்ற இடத்தில் 'பி'யை எடுத்துவிட்டு 'ஜி, என்' அல்லது அதற்கு மேல் என்று வையுங்கள். அறிவிப்பு 6 மெகாபிட்டில் போகும், நேரம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும். வேண்டாத கெஸ்ட் பெயரை அணையுங்கள். பழைய வயர்லெஸ் பிரிண்டர் மாதிரி ஏதாவது இணைய மறுத்தால் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாகப் பவர். "நாலு ஆண்டெனா, ஹை பவர்" என்று கடையில் விற்பதை நம்பிப் பெட்டி மாற்றுகிறவர்கள் உண்டு. ரவுட்டர் எவ்வளவு பலமாகப் பேசினாலும், போன் தன் சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு மெலிதாகத்தான் பதில் சொல்லும். போனில் நாலு கோடு தெரியும், ஆனால் வாட்ஸ்அப் படம் மேலே ஏறாது. அதற்குள் நம் சத்தம் மூன்று வீடு தாண்டிப் போய் அங்கே உள்ளவர்களை ஒதுங்க வைக்கும். அவர்களும் பதிலுக்குப் பெரிய பெட்டி வாங்குவார்கள். இரண்டு அறை வீட்டில் பவரை "மீடியம்" என்று வைத்தாலே போதும். ரவுட்டரைத் தெருப்பக்க ஜன்னலோரமாகவோ இரும்பு பீரோவின் மேலேயோ வைக்காமல், வீட்டின் நடுவில் ஆளுயரத்தில் மாட்டினால் பவரைக் குறைத்ததே தெரியாது.

5 கிகாஹெர்ட்ஸ் என்கிற மாற்றுவழி

இந்தியாவில் 2.4 பட்டை 2005-லேயே உரிமம் தேவையில்லாததாக ஆனது. 5 கிகாஹெர்ட்ஸில் அகலமாகத் திறந்துவிட்டது 2018 அக்டோபரில்தான்: நான்கு துண்டுகளாக மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ். 2.4-இன் அகலத்தைப்போல ஏழு மடங்குக்கு மேல். சேனல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதபடியே எண் போடப்பட்டிருக்கின்றன. சுவர் தாண்டும் சக்தி இதற்குக் குறைவு என்பார்கள். நெருக்கமான தெருவில் அதுவே வரம். அடுத்த வீட்டுச் சிக்னல் நம் வீட்டுக்குள் வருவதற்குள் செத்துப்போகிறது. டிவி, லேப்டாப், புதிய போன் எல்லாவற்றையும் 5-க்கு மாற்றுங்கள். இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் இருந்தால் சில போன்கள் 2.4-லேயே ஒட்டிக்கொண்டிருக்கும், 5-க்குத் தனிப் பெயர் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

எண்களில் 36 முதல் 48 வரையும் 149 முதல் 165 வரையும் நேராகப் பயன்படுத்தலாம். நடுவில் உள்ள 52 முதல் 144 வரை ரேடார்களோடு பங்கு. அங்கே உட்காரும் முன் ரவுட்டர் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டு, ரேடார் இல்லை என்று உறுதியான பிறகே பேச வேண்டும். பிறகு ரேடார் கேட்டாலும் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். அதனால் திடீரென்று இணைப்பு அறுந்து ஒரு நிமிடம் கழித்து வந்தால் பயப்பட வேண்டாம். பலர் இந்த நடு எண்களைத் தொடுவதில்லை என்பதால் அங்கே கூட்டம் குறைவு. பெட்டி அனுமதித்தால் முயன்று பாருங்கள்.

காரமடைக்கே உரிய ஒரு தொல்லை மொட்டை மாடிகளில் இருக்கிறது. ஊரை விட்டு வெளியே கறிவேப்பிலைத் தோட்டங்களுக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் ஃபைபர் போகாத இடத்தில், ஊருக்குள் ஒரு தார்சு மேல் தட்டு ஆண்டெனா வைத்து, தோட்டத்தில் இன்னொன்றை வைத்து நெட்டும் கேமராவும் கொண்டுபோகிறார்கள். இவை பெரும்பாலும் 5.8 பக்கம், அதாவது 149-க்கு மேல் ஓடும். உங்கள் மாடியிலோ அடுத்த மாடியிலோ அப்படித் தட்டு இருந்தால் வீட்டு ரவுட்டரை 36-இல் வையுங்கள். தட்டு உங்களுடையது என்றால், அதைச் சரியாகக் குறிவைத்து, அகலத்தை 20-ஆகவே விட்டு, எதிர்முனையில் சிக்னல் மைனஸ் 60 வரும் அளவுக்குப் பவரைக் குறையுங்கள். முழுப் பவரில் விட்டுவிட்டுப் போகிறவர்தான் தெருவையே கெடுக்கிறார்.

இந்த நீளவழி வைஃபையில் தமிழ்நாட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு. 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்று ஊர்களிலிருந்த தன் பார்வை மையங்களை இப்படித் தட்டு ஆண்டெனாக்களால் இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலிருந்தே டாக்டர் வீடியோவில் பார்த்தார். கூட நின்றது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வுக்குழு. நீளவழி இணைப்புகளில் செய்தி தொலைவது ஏன் என்று அவர்கள் ஆராய்ந்தபோது கிடைத்த விடைகளில் முக்கியமானது, அக்கம்பக்கத்தில் வேறு யாரோ ஓட்டும் வைஃபை. அவர்கள் செய்த மாற்று, கேட்டுவிட்டுப் பேசும் வழக்கத்தை விட்டு, இரு முனைகளுக்கும் நேரத்தைப் பிரித்துக் கொடுத்து முறைப்படி பேச வைத்தது. இன்று கடையில் கிடைக்கும் தட்டுகளிலும் அந்த வசதி இருக்கிறது. பொருத்துகிறவரிடம் கேட்டு இயக்கச் சொல்லுங்கள்.

வைஃபை அல்லாத தொல்லைகள்

பேக்கரியில் பப்ஸ் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பு 2,450 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி வேலை செய்கிறது. கதவு இடுக்கில் கசிவது உடம்புக்கு ஒன்றும் செய்யாத அளவுதான்; வைஃபைக்கு அது பேரிரைச்சல். பேக்கரிக்குப் பக்கத்துக் கடை என்றால் 2.4-இல் 1-ஆம் சேனல்தான் ஓரளவு தப்பும். ரவுட்டருக்குப் பின்னால் செருகிய யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4-இல் இரைச்சல் கிளப்பும்; எடுத்து இரண்டடி தள்ளி வையுங்கள். வயர்லெஸ் சிசிடிவி கேமராக்கள் இரவு பகல் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருப்பவை. கேமராவுக்கு எப்படியும் கரண்ட் ஒயர் இழுக்கத்தான் போகிறீர்கள், கூடவே லேன் கேபிளையும் இழுத்துவிடுங்கள்.

ரிப்பீட்டர் பற்றி என் முடிவு: நெருக்கமான தெருவில் வேண்டாம். வாங்கிய செய்தியை அதே சேனலில் மறுபடி சொல்வதுதான் அதன் வேலை. ஏற்கெனவே நெரிசலான காற்றில் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பேசுவதில் வேகம் பாதியாகும். மாடிக்குச் சிக்னல் வேண்டுமென்றால் கேட்-6 கேபிள் இழுத்து மேலே ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வையுங்கள். ஒரு கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.

லைன் வீடுகளும் தேரும்

ஒரே காம்பவுண்டுக்குள் ஆறேழு குடும்பம் இருக்கும் லைன் வீடுகளில் தனித்தனி இணைப்பு, தனித்தனி ரவுட்டர், எல்லாம் முழுப் பவர். இங்கே எந்தச் செட்டிங்கையும்விடப் பேச்சுவார்த்தைதான் பலன் தரும். "ஏனுங்க்கா, உங்க ரவுட்டர் ஆறுல ஓடுதுங்க, எங்களுதும் ஆறுலதான். நான் ஒண்ணுக்கு மாத்திக்கறேன், மூணாவது வீட்டுத் தம்பிய பதினொண்ணுக்குப் போகச் சொல்லிர்றேன்" என்று வாசலில் ஐந்து நிமிடம் பேசினால் முடிகிற காரியம். ஓனரே முன்வந்து ஒரு நல்ல ஃபைபர் இணைப்பு எடுத்து, இரண்டு ஆக்சஸ் பாயிண்டில் எல்லோருக்கும் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் வீட்டு இணைப்பைப் பணம் வாங்கிப் பங்கிடக் கம்பெனிகள் ஒப்புவதில்லை. அதற்கென்றே 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பிஎம்-வாணி திட்டத்தை ஏற்றது. அதில் டீக்கடைக்காரர்கூட உரிமமோ பதிவோ இல்லாமல் வைஃபை விற்கலாம்.

அரங்கநாதர் கோயில் மாசித் தேருக்குத் தேர்வீதிக் கடைக்காரர்கள் தனியாகத் தயாராக வேண்டும். கூட்டத்தில் ஒவ்வொரு போனும் தெரிந்த வைஃபை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகும், பலர் ஹாட்ஸ்பாட் போட்டிருப்பார்கள், மனித உடம்பே சிக்னலை உறிஞ்சும். அன்று எந்தச் சேனலும் உதவாது. பில் போடும் கம்ப்யூட்டரை முதல் நாளே கேபிளில் மாற்றிவிடுங்கள். "பணம் வந்தது" என்று சொல்லும் பெட்டி பெரும்பாலும் சிம்மில் ஓடுவது. அது ஊமையானால் ரவுட்டரைத் திட்டிப் பயனில்லை, மொபைல் டவரில் நெரிசல்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பட்டைகளில் உரிமம் வேண்டாம் என்று அரசு விட்டுக்கொடுத்ததே, யாருக்கும் தனி உரிமை இல்லை, யாரும் பாதுகாப்புக் கேட்க முடியாது, எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையில்தான். பக்கத்து வீட்டு வைஃபையால் நம் வேகம் குறைகிறது என்று புகார் கொடுத்து வெல்ல வழியில்லை. ஆத்திரத்தில் ஜாமர் வாங்கிவிடாதீர்கள். தனியார் அதை வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இல் மறுபடி எச்சரித்திருக்கிறது. மொபைல் சிக்னல் பூஸ்டருக்கும் அதே விதி.

புதுப் பெட்டி வாங்கியே ஆக வேண்டுமென்றால் 2.4, 5 இரண்டும் உள்ள வைஃபை 6 வகையை எடுங்கள். பக்கத்து வீட்டுப் பேச்சை வேறுபடுத்தி அறிந்து, தேவையில்லாமல் ஒதுங்காமல் இருக்கும் வசதி அதில் உண்டு. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பாதியில் 500 மெகாஹெர்ட்ஸை வீட்டுக்குள் குறைந்த பவரில் திறந்துவிடும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. அதற்கான பெட்டிகள் விலை அதிகம், உங்கள் போனும் அதை ஏற்க வேண்டும். வீட்டில் உள்ள போன்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வீடே புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால், தார்சு கான்கிரீட் போடும் முன் ஒவ்வொரு அறைக்கும் லேன் கேபிளுக்கென்று ஒரு பைப் தனியாகப் போடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே அதையும் திணிக்க விடாதீர்கள்.